அந்தாளின் நெற்றி

கோடு போட்டு முடித்ததும் டாக்டர் பேனாவை மூடினார். கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, இந்தக் கோடு வரைக்கும் முடி இறங்கி வரும், வெளியே போய் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார். சின்ன வயது டாக்டர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கையுறைக்குள் அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. பேனா முனை நெற்றியில் ஓடியபோது யாரோ ஈரத்துணியால் துடைத்துவிடுவது போல் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன், மூடிய கண்ணுக்குள் அம்மாதான் வந்தாள். இப்போது ஊதா நிறக் கோட்டோடு இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கோடு ஒரு காதுக்கு மேலே தொடங்கி நெற்றியில் வளைந்து அடுத்த காதுக்குப் போகிறது. கோட்டுக்கு மேலே உச்சி வரைக்கும் வெறும் தோல், அங்கங்கே பூனைமுடி, ஏ.சி. காற்று நேராக அதன்மேல் விழுகிறது. முடி இருக்கிறவர்களுக்கு இந்தக் குளிர் தெரியாது. எதிர்ச் சுவரில் சத்தமில்லாமல் டி.வி. ஓடுகிறது. முன், பின் என்று இரண்டிரண்டு முகங்களாக வந்து போகின்றன. முன் முகங்கள் எல்லாம் வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்கின்றன, பின் முகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. உள்ளே நுழைந்ததுமே ரிசப்ஷன் பெண், கல்யாணம் பேசியிருக்காங்களா சார், தேதி வெச்சாச்சா என்று கேட்டாள். டாக்டரும் அதையேதான் கேட்டார். இல்லை என்றேன். பொண்ணு பார்க்கிறாங்களா என்றார். ஆமாம் என்றுவிட்டேன். இருபத்தெட்டு வயதில் ஒருத்தன் இங்கே வந்து உட்கார்ந்தால் வேறு எதற்கு வருவான். அம்மாவுக்காக வந்தேன் என்றால், அம்மா பெண் பார்க்கத் தோதாக வந்திருக்கிறான், நல்ல பையன் என்று நினைப்பார்கள். அதுவும் இல்லை. என் அம்மா என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். அதற்காக வந்தேன். இதை எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்வது.

அம்மாவுக்கு மறதி நோய். இந்த வயதில் வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள், வந்துவிட்டது. முதலில் கேஸை அணைக்க மறந்தாள், பிறகு துணிக்கு பட்டன் தைக்கும் கம்பெனிக்குப் போகிற வழியை மறந்தாள், பிறகு வேலையை விட்டதையே மறந்து காலையில் டிபன் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். நரம்பு டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொன்னார், கடைசியாகச் சேர்ந்ததுதான் முதலில் போகும், அடியில் கிடப்பது கடைசி வரைக்கும் இருக்கும் என்று. கடைசியாகச் சேர்ந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. அப்பா செத்துப்போனதுதான் கடைசியாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு கணபதியில் மூன்றாம் மாடியில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோமே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அவள் கறிக்கு மசாலா அரைத்தாளே, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வெறுமனே அரைமணி நேரம் நின்று மருதமலையைப் பார்த்துவிட்டு வருவாளே, அதெல்லாம்தான் கடைசியாகச் சேர்ந்தது. அது மொத்தமும் போய்விட்டது. இப்போது அவளுக்கு நான் பள்ளிக்கூடத்துப் பையன், தலைநிறைய முடி, எங்கேயோ இருக்கிறேன். வீட்டில் இருப்பது அப்பா. அதே உயரம், அதே தோள், அதே போல் பாதித் தலையில் முடி இல்லாத நெற்றி. முதன்முறை அது நடந்தது ஒரு சாதாரண காலையில். மேல் அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். முழங்கை இரண்டும் முகத்தை மறைத்தன. பழகிய கைகள். எந்தப் பக்கம் அடி விழும் என்று தெரிந்து வைத்திருக்கிற கைகள். நான் சர்க்கரை டப்பாவோடு நின்றேன். அம்மா, நான் தரணி என்றேன். அவள் கையை எடுக்காமலே, பையன ஒண்ணும் பண்ணிராதீங்க என்றாள்.

நாங்கள் வீட்டில் அப்பா என்று சொன்னதில்லை. அந்தாளு என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது, குரலைத் தாழ்த்தி. சென்னியப்பன் என்று பெயர். மில் பஸ் ஓட்டினார். ரோட்டில் அவரைப்போல் பதவிசான ஆள் கிடையாது என்பார்கள், ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். இருபத்தைந்து வயதுக்குள் அவருக்கு முன்மண்டை காலியாகிவிட்டதாம், கல்யாணப் போட்டோவில் தலைப்பாகையை இறக்கிக் கட்டியிருப்பார். அம்மா எனக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் விரலை முடிக்குள் விட்டுப் பிடித்துப் பார்ப்பாள். உனக்கு எங்கப்பன் முடி கண்ணு, அப்படியே எங்கப்பன் முடி, உனக்கு அந்தாளு மாதிரி ஆகாது என்பாள். அவள் முடியைப் பற்றித்தான் சொன்னாளா. சின்ன வயதில் முடியைப் பற்றி என்றுதான் நினைத்தேன். வளர்ந்த பிறகு புரிந்தது. கைப்பிடி நிறைய முடி வருகிறவரைக்கும் நான் அவள் பக்கத்து ஆள். பிறகு கல்லூரி முடிக்கிற வருஷம் தலையணையில் முடி கிடக்க ஆரம்பித்தது. குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலியில் சுருள்சுருளாக அடைத்துக்கொண்டது. அம்மா அப்போது நன்றாக இருந்தாள். அவளே ஜாலியைச் சுத்தம் செய்தாள். செம்பருத்தி அரைத்தாள், சின்ன வெங்காயம் அரைத்தாள், கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினாள், யாரோ சொன்னார்கள் என்று பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வைத்தாள். வளர்ந்து வந்தபோது முன்பக்கம் வரவேயில்லை. அவள் என் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். முடிதானே போகுது, உடு என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நண்பர்கள் கிண்டல் பண்ணினார்கள், ஒரு பெண் வீட்டில் போட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள், அதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடியைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தினேன். முகம் கழுவும்போது குனிந்து கழுவி, குனிந்தபடியே துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். நிமிர்ந்தால் அந்தாளு நிற்பார்.

பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் வந்து உட்காருகிறார். தலையில் தொளதொளத்த துணித்தொப்பி. பொள்ளாச்சிப் பக்கமாம், மூன்றாவது தடவை வருகிறாராம், வைகாசியில் கல்யாணமாம். என் கோட்டைப் பார்த்து நல்லா இறக்கிப் போட்டிருக்காங்க என்கிறார். வலிக்குமா என்று நான் கேட்காமலேயே, ஊசி போடும்போது மட்டும்தான், அப்புறம் மண்டையே உங்களுது இல்ல பாத்துக்குங்க என்கிறார். தொப்பியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார். சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு துளி முடி. பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராகப் பிடுங்கி முன்னால் நடுகிறார்கள். பின்மண்டை முடி கொட்டாதாம், அதற்கு அந்தக் குணம் இல்லையாம், இடம் மாற்றி நட்டாலும் பழைய இடத்துக் குணத்தோடேயே இருக்குமாம். டாக்டர்தான் இதைச் சொன்னார். என் தலையிலேயே அந்தாளு வந்து சேராத இடம் ஒன்று இருக்கிறது. பின்னால். நான் பார்க்க முடியாத இடத்தில். அங்கே இன்னும் அம்மாவின் அப்பா இருக்கிறார். அவரை எடுத்து முன்னால் வைத்துவிட்டால் போதும், அம்மா நிமிர்ந்து பார்ப்பாள், கண்ணு என்பாள். இவ்வளவுதானே. இவ்வளவுதானா. ஏற்கெனவே ஒருமுறை இப்படி நினைத்தாகிவிட்டது. விக் வாங்கினேன். நல்ல விக், நிஜ முடி, பள்ளிக்கூடத்தில் நான் வகிடு எடுத்த மாதிரியே இடது பக்கம் வகிடு. மீசையை எடுத்தேன். வீட்டுக்குள் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகம் இளகியது, நான் சத்தியமாகப் பார்த்தேன், இளகியது. கிட்ட வந்து என் தலையில் கை வைத்தாள். விரலை முடிக்குள் விட்டாள். பிறகு அடியில் இருந்த வலை விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டாள். எம்பையன் முடிய நீங்க ஏன் வெச்சிருக்கீங்க என்றாள். அவன என்ன பண்ணுனீங்க. அவன என்ன பண்ணுனீங்க என்று சுவரோடு சுவராகப் போய் நின்று கத்தினாள். எதிர் வீட்டுப் பரிமளாக்கா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். விக்கைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. கழற்றினால் நான் அவளுக்குத் தெரிந்த கொடியவன். போட்டிருந்தால் அவள் பையனைக் கொன்றவன்.

ஆனால் இது விக் இல்லை, என் தலையிலேயே வேர்விடும், விரலை விட்டால் மண்டை தட்டுப்படும், வலை தட்டுப்படாது. அதனால்தான் இங்கே வந்தேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். முழுசாகத் தெரிவதற்கு ஒரு வருஷம் என்றார் டாக்டர். முதலில் மொத்தமாக வழித்துவிட வேண்டும். நட்ட முடியும் சில வாரத்தில் ஒருதடவை கொட்டிவிடும், பயப்படக்கூடாது, வேர் உள்ளேதான் இருக்கும். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். உங்கள் வயதில் மிச்சம் இருப்பதும் கொட்டிக்கொண்டேதான் இருக்கும், அதற்கும் சேர்த்து யோசியுங்கள், இன்னும் கொஞ்சம் காலம் பொறுத்துக்கூடச் செய்யலாம் என்றார். நல்ல டாக்டர்தான், ஆசை காட்டவில்லை. ஒரு வருஷம். நரம்பு டாக்டரும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னார். ஒரு வருஷத்துக்குள் முகங்களே தெரியாமல் போகலாம் என்றார், பழையவர்கள் முகமும்கூட. இரண்டு வருஷமும் ஒரே வருஷம். என் நெற்றியில் முடி இறங்கி இறங்கி வரும், அவளுக்கு என் முகம் விலகி விலகிப் போகும், இதில் எது முந்தும். அதற்கு முன்னால் இந்த மொட்டைத் தலையோடு, ரத்தப் புள்ளிகளோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தாளு ஒருமுறை பஸ் டிப்போவில் சண்டை போட்டு மண்டை உடைந்து தையலோடு வந்தார், அந்த வாரம் முழுவதும் அம்மாவுக்கு அடி. அந்த நினைவு அவளுக்குள் அடியில் கிடக்கிறதா, போய்விட்டதா. எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். தெரிந்த ஒன்று, என்னைக் கண்டு அவள் நல்ல பிள்ளையாக இருக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்கிற பரிமளாக்காவிடம் மாத்திரையைத் துப்புகிறாள், அழுகிறாள், குளிக்கமாட்டேன் என்கிறாள். நான் தட்டில் மாத்திரையை வைத்தால் உடனே விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறாள். நான் சாப்பிடும்வரைக்கும் நின்றுகொண்டே இருக்கிறாள். பாத்ரூம் போகட்டுங்களா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஒருநாள் வேலை முடிந்து களைத்து வந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் அவள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தபோது, அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நான் கேட்டேன். எனக்குள்தான் கேட்டது. அந்தாளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா. அவள் பயந்து பயந்து எல்லாம் சரியாகச் செய்து வைக்கும்போது அவருக்கும் இப்படி ஒரு சௌகரியம் இருந்திருக்குமா. முடியை முன்மண்டையில் நட்டுக்கொள்ளலாம். இதை எங்கே பிடுங்கி எங்கே நடுவது.

போன் அதிர்கிறது. பரிமளாக்கா. நான் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் அவள் பகலில் கூப்பிடுவதே இல்லை, கூப்பிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எழுந்து ஜன்னலோரமாகப் போகிறேன். ஒண்ணும் இல்ல தரணி, பயப்படாத, எடுக்கமாட்டீன்னு நெனச்சுத்தான் போட்டேன் என்கிறாள். மத்தியானத்திலிருந்து அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், பையன் எங்கே பையன் எங்கே என்று, சோற்றைத் தொடவில்லை, போனிலாவது ஒரு வார்த்தை பேசு என்கிறாள். என் குரலைக் கேட்டால் இன்னும் பயப்படுவாள் அக்கா என்கிறேன். அதற்குள் அவள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்கிறது. அம்மா போனில் பேசியே வெகுநாள் ஆகிறது, எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய் என்று தெரியாமல் பிடித்திருப்பாள். யாரு என்கிறாள்.

"நாந்தாம்மா. தரணி."

கீழே காந்திபுரம் ரோட்டில் பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்புகின்றன. அவள் போனை வைத்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

"கண்ணு," என்கிறாள். "சாப்ட்டியா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். சாப்பிட்டேன் என்கிறேன். என்ன சாப்பிட்டே என்கிறாள். தக்காளிச் சோறு என்கிறேன். அப்பளம் குடுத்தாங்களா என்கிறாள். குடுத்தாங்கம்மா. தலைக்கு எண்ணெ வெக்கிறயா. வெக்கிறேன். முடி நல்லா இருக்குதா கண்ணு. என் கை தலைக்குப் போகிறது, ஊதா மை விரலில் ஒட்டுகிறது. அடர்த்தியா இருக்குதும்மா என்கிறேன். எங்கப்பன் முடி என்கிறாள், சிரிக்கிறாள். எனக்குத் தெரிந்த சிரிப்பு, மூக்கால் சிரிப்பாள். இத்தனை மாதமும் இது எங்கே இருந்தது. என் முகம்தான் அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்றிருக்கிறது, முகத்தை விட்டுவிட்டுக் குரல் மட்டும் போனால் நான் இருக்கிறேன். திடீரென்று அவள் குரல் இறங்குகிறது. கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறாள் போலிருக்கிறது.

"சாமி, நீ இங்க வராத. அந்தாளு இங்கதான் இருக்கான். லீவு உட்டாலும் வராத. அங்கியே இரு. நான் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

இந்தக் குரலை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என்னைக் கோபிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாள், அந்தாளு என் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய வாரம். கம்பெனி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து வார்டன் அறைக்குக் கூப்பிடுவாள். காலாண்டு லீவா, வராத கண்ணு. தீபாவளியா, வராத சாமி, நான் துணி எடுத்துட்டு வர்றேன். எல்லாப் பையன்களும் பெட்டியைக் கட்டும்போது நான் மட்டும் கட்டமாட்டேன். என்னை வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டாள் என்று ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே அவள் என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாளா. கேட்கக்கூடாது என்று தெரிகிறது. கேட்கிறேன்.

"அடிக்கறாராம்மா?"

"இல்ல." யோசிக்கிறாள். "இப்ப அடிக்கறதில்ல. சோறு போட்டுக் குடுக்கறான். தல சீவி உடறான். கால்ல வெடிப்புக்கு மருந்து போட்டு உடறான். என்னத்துக்குன்னுதான் தெரியல. அதான் பயமா இருக்குது."

அம்மா என்கிறேன். அவர் இனி அடிக்கமாட்டார், நான் சொல்லிவிட்டேன், இனிமேல் உன்னை ஒன்றும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டேன் என்கிறேன். நீ அவங்கிட்டப் பேசினியா என்று பதறுகிறாள். பேசாத சாமி, நீ பேசாத, நான் பாத்துக்கறேன், எனக்குப் பழக்கம் என்கிறாள். பரிமளாக்கா போனை வாங்கிக்கொண்டு, சோத்துல கை வெச்சிருச்சு தரணி, சிரிச்ச முகமா இருக்குது என்கிறாள். சரிக்கா என்கிறேன்.

திரும்பினால் பொள்ளாச்சிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு பார்க்காத மாதிரி டி.வி. பக்கம் திரும்பிக்கொள்கிறார். கண்ணீர் கோட்டை அழிக்காது, கோடு மேலே இருக்கிறது. ரிசப்ஷன் பெண் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், டாக்டர் உள்ளே வரச் சொல்கிறாராம். உள்ளே போய், வேண்டாங்க டாக்டர் என்கிறேன். பிடிக்கவில்லையா, கோட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்கிறார். கோடு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு நேரம் இல்லை என்கிறேன். அவர் வேலையைப் பற்றிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, வார இறுதியில் செய்துகொள்ளலாமே என்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவரே துடைத்துவிடுகிறார், அழுத்தாமல், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும். எப்போ வேணும்னாலும் வாங்க, பின்னாடி முடி அங்கேயேதான் இருக்கும் என்கிறார். நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கிறது. ஸ்பிரிட் காய்ந்த இடம் இழுக்கிறது. சத்தி ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன, பக்கத்துக் காரின் கண்ணாடியில் என் தலை தெரிகிறது, குனியவில்லை, பார்க்கிறேன். இந்த ஆளைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். இந்த ஆள் சோறு போடுகிறான். இந்த ஆள் தலை சீவிவிடுகிறான். அந்தாளு ஒரு நாளும் செய்யாததை எல்லாம் அந்தாளு முகத்தோடு நான் செய்துகொண்டிருக்கிறேன், அவளுக்கு அது இன்னும் பெரிய பயமாக இருக்கிறது. செய்யாமல் இருக்க முடியுமா. யார் செய்வார்கள். வேறு ஆளை வைத்துவிட்டு நான் போய் எங்காவது இருந்துகொண்டு போனில் மட்டும் பையனாக இருக்கலாம். பெட்டி கட்டாத பையனாக. அது அவளுக்கு நல்லதா. நல்லதுதான் போலிருக்கிறது. ஆனால் ராத்திரி எழுந்து அவள் கதவைத் தேடும்போது யார் பிடிப்பது. அந்தாளுதான் பிடிக்க வேண்டும். அவள் நடுங்கினாலும் அந்தாளுதான் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைக்க வேண்டும். பையனுக்குக் குரல் போதும். அந்தாளுக்குக் கை இருக்கிறது. ஒருத்தனாக இருக்க முடியாதென்றால் இரண்டு பேராக இருந்துவிட வேண்டியதுதான், அவளுக்கு முகங்கள் மறக்கிற வரைக்கும். மறந்த பிறகு பயமும் இருக்காது என்கிறார்கள். அந்த நாள் வரட்டும் என்று நினைக்கிறேன், உடனே வரக்கூடாது என்று நினைக்கிறேன், வந்தால் அவளுக்குப் பயம் போகும், கண்ணு என்று கூப்பிடுவதும் போகும். கண்டக்டர் தோளைத் தொட்டு, கணபதி வந்துருச்சுங்க என்கிறார்.

மாலை வெயில் படிக்கட்டு வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிடுகிறேன். மேலே எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் படிக்கட்டைப் பார்த்துத்தான் திறந்திருக்கும், தண்ணீர் விழும் சத்தமும் பரிமளாக்காவின் பேச்சும் கேட்கிறது. அங்கேயே படியில் உட்கார்ந்து அவள் நம்பரைப் போடுகிறேன். வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்க்கா, அதுவரைக்கும் அம்மாகிட்டப் பேசட்டுமா என்கிறேன். அவள் போனைக் கொடுக்கிறாள். அம்மா கண்ணு என்கிறாள். மேலே ஜன்னல் வழியாக ஒருமுறை கேட்கிறது, பிறகு போனில் ஒருமுறை கேட்கிறது. ஜன்னலில் முந்தி வருகிறது. ஹாஸ்டலில் குளிருதா என்கிறாள், குளிரவில்லை என்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொல்கிறேன், என் குரல் மேலே போய்விடக்கூடாது. கணக்கில் எத்தனை மார்க் என்கிறாள். எண்பத்தேழு என்கிறேன். பூரித்துப்போகிறாள், யாரிடமோ, பரிமளாக்காவிடம்தான் இருக்கும், எம்பையன் எம்பத்தேழு என்கிறாள். கால் மரத்துப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்து, என்னைத் தாண்டி, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். படிக்கட்டில் வெயில் போய்விட்டது. அம்மா பேச்சை நிறுத்துகிறாள். ஜன்னலைப் பார்த்திருப்பாள்.

"வெச்சரு சாமி," என்கிறாள். "இருட்டுது. அந்தாளு வர்ற நேரமாச்சு."

சரிம்மா என்று வைத்துவிடுகிறேன். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, மிச்சப் படிகளை ஏறுகிறேன். செருப்பைச் சத்தம் வராமல் கழற்றி வைக்கிறேன். மணியை அடிக்கிறேன். பரிமளாக்கா கதவைத் திறந்து, என்னையும் கையிலிருக்கும் போனையும் பார்த்துவிட்டு வழிவிடுகிறாள். அம்மா சுவரோரமாக நிற்கிறாள், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. சோறு எடுத்து வெக்கட்டுங்களா என்கிறாள். தரையைப் பார்த்துத்தான் கேட்கிறாள். ஆனால் அவள் உதட்டோரத்தில் என்னோடு பேசிய சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது போய் முடிகிற வரைக்கும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.